உப்பு வாரும் பலகை

மே 18, செவ்வாய்

ஊரடங்கில் உடற்பயிற்சிக்கு சைக்கிள் ஓட்டக் கூடாது, உப்பளத்துக்கு வேலைக்குப் போகலாம். அதனால் நானே தேக்கில் ஓர் உப்பு வாரும் பலகை செய்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு வாரமாகக் காலையில் ஓட்டிவந்தேன். செக்போஸ்ட் போலீஸ்காரர் பலகையைப் பார்த்ததும் விட்டுவிடுவார்.

இன்று எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு செல்வி அக்கா வெறுங்கையோடு வந்தார். நிஜமாக உப்பு வாருகிறவர் அவர்தான்.

“இவரு பலகையோட போறாரு. உன் பலகை எங்க?” என்றார் போலீஸ்காரர்.

“பலகைய யாரு சார் வீட்டுக்குத் தூக்கினு போவாங்க? பாத்தியிலயே கெடக்கும்.”

அவர் நம்பாமல் திருப்பி அனுப்பிவிட்டார். அக்காவுக்கு ஒரு நாள் கூலி போனது. உண்மையைச் சொன்னால் சைக்கிளைப் பிடுங்குவார் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பலகையை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தார்.

“என்னா கனம் கனக்குது. இத நான் எதுக்குச் சுமக்கணும்? காலைல அஞ்சு மணிக்கு நீயே என் கூடத் தூக்கினு வா. வந்ததுதான் வர்ற, பாத்தியில எறங்கி உப்பையும் வாரு. அதுவும் எக்சர்சைஸ்தான்.”

நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.