இடம்புரி வடமும் எயினியின் மடிக்கல்லும்

வானம் பொய்யாதொழிக, கடல் தன் கரையறிந்து நிற்க. நெடுங்கழி நாட்டின் நிகரற்ற கோனும், முந்நீரை வேலியாகவும் முத்தைப் புழுதியாகவும் உடையவருமாகிய கடல்காத்த பெருங்கோ திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகன் அந்துவன்கீரன் வரையும் ஓலை. சங்குமுனைப் பட்டினத்துக் கயிற்றுச்சாலைக் கண்காணி நெடுங்கை ஓரியார் இதனைத் தலைமேற்கொண்டு, நின்றபடியே படிக்க. உமது துறையும் மரக்கலங்களும் நலமா என்று மன்னர் வினவியருளுகிறார். உமது நலத்தை அவர் வினவவில்லை.

சென்ற வாடைக்காற்றில் அயல்துறைக் கப்பல்களெல்லாம் கட்டறுத்துப் பாறையில் மோதி நொறுங்க, நம் கலங்கள் மட்டும் கட்டிய மாடுபோல் நின்றன. அவற்றைப் பிடித்து நின்ற புதுவடம் உமது சிந்தையில் உதித்ததென்று எழுதியிருந்தீர். அடேயப்பா! உமது சிந்தையில் ஏதேனும் உதித்ததாக உம்மைப் பெற்றவளும் சொன்னதில்லையாதலால், ஆளனுப்பி விசாரித்தோம்.

உமது சாலையில் எயினி என்றொருத்தி வடத்துக்கான புரி முறுக்குகிறாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். அவளுக்கோ மனமும் சும்மா இராது. எடுத்த புரியைப் பாதியில் விடுவாள். அடுத்தவள் புரியில் கைவைப்பாள். ஈ பறந்தால் அதன் பின்னே எழுந்து போவாள். ஒன்று மனத்தில் பற்றிக்கொண்டாலோ, சோறு தண்ணீர் மறந்து அதிலேயே கிடப்பாள், கூப்பிட்டாலும் காதில் விழாது. இருந்த இடம் விட்டு எழுவோர் மடியில் கல்லேற்றுவது உமது சாலை வழக்கம். மடி என்னும் சோம்பலுக்கு மடியிலே தண்டனை என்று அதற்கு மடிக்கல் எனப் பெயரும் வைத்திருக்கிறீர். அந்தக் கல்லை அவளளவு சுமந்தவர் அங்கே எவருமில்லை.

ஒருநாள் கல்லை உருட்டிவிட்டு நழுவியவள் மாட்டுத்தொழுவத்தில் போய் நின்றாள். அங்கே ஒரு கன்று முளையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு பக்கம் சுற்றினால் அதன் கயிறு முறுக்கவிழ்ந்தது. மறுபக்கம் சுற்றினால் இறுகியது. பசித்ததும் தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். வலம்புரியே மங்கலம் என்று புரியையும் வலமாக, வடத்தையும் வலமாகவே முறுக்கி, நனைந்ததும் அது பிரிந்து கப்பலைக் கைவிட்டால் விதி என்று அழுதவர்கள் உம் முன்னோர். எயினியோ ஓடிவந்து, வலமாக முறுக்கிய புரிகளைச் சேர்த்து இடமாகத் திரித்தாள். புரி பிரியப் பார்த்தபோதெல்லாம் வடம் அதை இறுக்கிப் பிடித்தது. அமங்கலம் செய்தாள் என்று அவள் மடியில் இரண்டாம் கல்லை ஏற்றிய நீர், அவள் வடத்தை மட்டும் கூசாமல் எடுத்துக்கொண்டீர்.

மன்னர் அவளை அழைத்தார். தொடையெல்லாம் நீலம் பாரித்து, நொண்டி நொண்டி வந்தாள். என்ன வரம் வேண்டும் என்று கேட்டருள, பொன்னும் வேண்டாம், பூமியும் வேண்டாம், உட்கார வைத்தால் உயிரே போகிறது சாமி, எழுந்து நடக்கவிட்டால் போதும், இன்னும் என்னென்னவோ மண்டைக்குள் ஓடுகிறது என்று அழுதாள். அழுகை முடியுமுன்பே, மன்னருக்கு வீசிய பெருவிசிறியின் கயிற்றை ஆராயப் போய்விட்டாள். மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அவள்மேல் இரக்கம் வந்தது. இரக்கத்தால் எந்த நாடும் ஆளப்பட்டதில்லை.

ஓரியாரே, கால் நில்லாதவள் நாளை எல்லை தாண்டுவாள். மறுநாள் பகைவன் கப்பலும் வாடைக்கு நிற்கும். கறக்கிற பசுவை அவிழ்த்துவிடுவார் உண்டோ? ஆகையால் மன்னர் ஆணை இது. எயினிக்குப் புதுமைநாச்சி என்னும் பட்டம் சூட்டுக. அவள் மடிக்கல்லுக்குப் பொன்தகடு வேய்க. அக்கல் இனி இறங்கலாகாது. அமர்ந்த இடத்திலேயே அவள் மன்னருக்குப் புதியன கண்டுதரக் கடவள். அவள் எழுந்தால், அவள் கண்ட வடத்தின் உறுதி உமது கழுத்தில் சோதிக்கப்படும். அவள் இனிப் புதிதாக எதுவும் காணாது போனால், குற்றம் கல்லின்மேல் அன்று. அது அவள் மடி என்றே பொறித்துக்கொள்க.

இவ்வோலை வரும் பல்லக்கிலேயே அவளும் வருகிறாள். இனி நடக்கவிடுவார்கள் என்று நம்பி, திரையை விலக்கி வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாள். அவள் இறங்குமுன் கல் ஆயத்தமாக இருக்கட்டும்.

இரட்டை நங்கூர இலச்சினை இட்டோம். மறுமொழி வேண்டா, செய்க.