ஹார்லனின் பதினெட்டுத் தோட்டாக்கள்

ஜூலை 14

இன்று பள்ளத்தாக்கில் ஏழு முறை சுட்டேன். காற்றே இல்லை. கோதுமையில் ஒரு கதிர்கூட அசையவில்லை.

அண்ணன் ஹார்லன் போய் ஐந்து மாதம். பனிச்சாலை, லாரி விபத்து. அக்டோபரில் எல்க் மான் வேட்டை தொடங்கும்போது அவன் துப்பாக்கியை அவன் மனைவி கோரா எடுத்துப் போகப்போகிறாள். தோட்டா அடைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. "நீதான் எல்சி பொறுமைசாலி. நான் அடைச்சா வீட்டுக்கூரை பக்கத்து ஊர்ல விழும்" என்றாள்.

இந்தத் தோட்டா எந்தக் கையேட்டிலும் இல்லை. வடிவமே ஹார்லன் மாற்றியமைத்தது. எவ்வளவு வெடிமருந்து வரை தாங்கும் என்று அறிந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது அவன் குறிப்பேடு மட்டும் இருக்கிறது. நூலகத்தில் வேலை செய்கிறவள் நான். புத்தகமில்லாத கேள்வி எனக்குப் பழக்கமில்லை. அவனுடைய கடைசிப் பதிவு, ஜனவரி 19: மருந்தின் அளவு, குண்டின் வேகம், பிறகு துப்பாக்கியின் பின்பூட்டான போல்ட்டைப் பற்றி — "போல்ட் சுலபமாகத் திறக்கிறது. இன்னும் இடம் இருக்கிறது."

அவன் அளவுக்கு வெகு கீழே தொடங்கியிருக்கிறேன். படிப்படியாக ஏற வேண்டும்.

ஜூலை 21

இரண்டு படி. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் சுத்தம்.

ஜூலை 28

அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சுட்ட கூட்டைத் திருப்பிப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் நசுங்கித் தட்டையாகிவிட்டதா? பித்தளையில் பளபளவென்று தேய்ந்த தழும்பு உண்டா? போல்ட் இறுகுகிறதா? இவை வருமுன் சொல்கிறவை அல்ல. எல்லையைத் தாண்டிய பிறகு தெரிகிற காலடித்தடம்.

இன்று மூன்றாவது கூட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு. போல்ட்டைத் தூக்கினால் வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. உள்ளங்கையால் தட்டித் திறந்தேன். ஹார்லனின் அளவு இதற்கும் மூன்று படி மேலே. ஆனால் அவனுடைய வேகம் எனக்கு இப்போதே வந்துவிட்டது, குறைந்த மருந்தில். எப்படி?

சாமான்களை எடுத்துவைக்கும்போது, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் ஓர் எண் வந்தது. யாரும் சுடவில்லை. பூச்சி பறந்தாலும் நிழல் விழுந்தாலும் அதில் எண் வரும், தெரிந்த விஷயம்தான். ஆனால் வந்தது ஜனவரி 19-இன் எண். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

ஆகஸ்ட் 4

நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொரு படி ஏறினேன். ஏன் ஏறினேன்?

வீட்டில் என் நோட்டைத் திறந்தால், இன்றைய எண்களுக்குக் கீழே "இன்னும் இடம் இருக்கிறது" என்று இருக்கிறது. என் கையெழுத்து. எழுதிய ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 11

போகவில்லை.

ஆகஸ்ட் 19

அவன் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், தேதிகளைப் பார்க்கவில்லை. டிசம்பர் 28. ஜனவரி 4, 11, 19. கோதுமை விதைக்கிறவனுக்குக் கோடையில் ஏது நேரம்? இந்த ஊரில் எல்லாருமே பனிக்காலத்தில்தான் மருந்து அளக்கிறோம். குளிர்ந்த மருந்து சோம்பலாக எரியும். அதே மருந்து, அதே அளவு, வெயிலில் சீறும். அவன் சுட்டது எஞ்சின் எண்ணெய் தேனாக உறைந்த வாரத்தில். நான் சுடுவது சட்டை முதுகில் ஒட்டும் வெயிலில்.

அவன் எழுதியது அத்தனையும் உண்மை. அது கோராவின் முகத்தில் வெடிக்கலாம்.

ஆகஸ்ட் 20

அப்பாவிடம் சொன்னேன்.

"அவன் கையால அடைச்ச பதினெட்டு அலமாரியில இருக்கு. கோரா அதைத்தான் சுடுவா."

"அது குளிர்ல அளந்ததுப்பா."

"அக்டோபர்ல இங்க என்ன வெயில் கொளுத்துதா?"

"சில வருஷம் கொளுத்துதே."

"அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்ல? எந்தப் புத்தகத்துல போட்டிருக்கான்?"

"எதுலயும் இல்லப்பா."

"அப்போ வாயை மூடு."

அவருக்கு இது தோட்டா பற்றிய பேச்சே இல்லை. எனக்கும்தான்.

செப்டம்பர் 15

தழும்பு விழுந்த இடத்திலிருந்து நான்கு படி இறங்கி, கோராவுக்கு இருபது அடைத்துக் கொடுத்தேன்.

"நாலு படி கீழன்னா எல்க் சிரிச்சிட்டே நடந்து போயிடாதா?"

"செத்துரும். நீ சாகமாட்டே."

"அப்போ சரி."

அலமாரியில் ஹார்லனின் பெட்டி. மூடியில் பென்சிலில் அவன் எழுத்து. எடுத்து ஒளித்துவிடலாம் என்று தொட்டேன். முடியவில்லை. வைத்துவிட்டேன்.

அக்டோபர் 24

எழுதிவிட வேண்டும்.

நேற்று பனி. இன்று மலையிலிருந்து வெப்பக்காற்று இறங்கி, மதியத்துக்குள் எல்லாம் தண்ணீர். சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் பெட்டி இல்லை. அப்பாவின் வண்டியும் இல்லை. கோரா போனை எடுக்கவில்லை. அப்பா தோட்டாப் பெட்டியை எப்போதும் வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில்தான் வைப்பார். மேலே வெயில், கீழே ஹீட்டர்.

பள்ளத்தாக்கு வளைவில் திரும்பும்போது ஒரு வெடி. குட்டையான சத்தம். எதிரொலிக்குக் காத்திருந்தேன். வரவே இல்லை.

அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கக் கரி. மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கம் நொறுங்கி, இமையில் ரத்தம். "முதல் குண்டு நான்தான்னு என் கையிலிருந்து புடுங்கிட்டாரு எல்சி... நான் பக்கத்துலதான்... புடுங்கிட்டாரு" என்று கோரா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்பா துப்பாக்கியை விடாமல் போல்ட்டை இழுத்துக்கொண்டே இருந்தார்.

"திறக்கமாட்டேங்குதுடி. உள்ள இருந்து யாரோ பிடிச்சிக்கிட்டிருக்கான்."

ஜூலையில் இதே வார்த்தைகளை இங்கே எழுதியதோடு சரி, நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபர் 26

வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இடது கண் போகலாம். கோரா இந்த வருடம் வேட்டைக்குப் போகவில்லை.

பெட்டியை அன்றே நான் ஒளித்திருந்தால்.

நவம்பர் 9

மதியம் கொட்டகையிலிருந்து தட்டும் சத்தம். நின்று, மறுபடி தட்டும் சத்தம். போய்ப் பார்த்தேன். அப்பா ஒற்றைக் கண்ணில் கட்டுடன், மிச்சமிருந்த பதினேழு தோட்டாக்களையும் தோட்டா பிரிக்கும் சுத்தியலால் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தராசை என் பக்கம் நகர்த்தினார்.

"எவ்வளவு?"

"அவன் எழுதினதேதான்."

அடுத்தது.

"எவ்வளவு?"

"அதேதான்."

பதினேழும் அதேதான். மயிரிழை கூடவில்லை, குறையவில்லை.

"சுத்தமான கைடி அவனுக்கு" என்றார். மருந்தையெல்லாம் டப்பாவில் கொட்டி மூடினார். நெடுநேரம் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பத்தொன்பதாம் தேதி... எவ்வளவு குளிர்?"

"மைனஸ் முப்பத்தொண்ணு. நூலகத்துல பழைய பேப்பர்ல பார்த்தேன்."

ஹார்லனின் குறிப்பேட்டைத் திறந்து, பென்சிலை எடுத்தார். ஒற்றைக் கண்ணுக்கு வரி பிடிபடவில்லை. முனை தாளுக்கு மேலேயே தடுமாறியது. பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீ எழுது."

ஜனவரி 19-க்குப் பக்கத்தில் எழுதினேன்: மைனஸ் 31.