உப்புப் போட்ட கஞ்சி

சிறையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம்.

நம் மகள் அம்சத்தின் முகம் உப்பியதைப் பார்த்து, "வேலநிறுத்தம் பண்ணியும் பொண்ணு கொழுத்துத்தான் இருக்கா" என்று பண்ணையார் வீட்டில் சிரித்தார்கள்.

திருத்துறைப்பூண்டி டாக்டர்தான் விளக்கினார். "சிறுநீரகம் புரதத்த ஒழுக விடுதும்மா. உப்ப மட்டும் வெளிய விடாம பிடிச்சு வச்சுக்குது. அதான் உடம்பெல்லாம் நீர் கோக்குது. உப்பே குடுக்காத."

"ஒரு கல்லு போடும்மா" என்று அவள் கெஞ்சியபோதெல்லாம் மறுத்தேன். வியாழக்கிழமை மூச்சு விடவே திணறினாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று நானே உப்புப் போட்டுக் கஞ்சி கொடுத்தேன். "நல்லாருக்கும்மா" என்று குடித்தாள்.

சங்கத்தை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் உங்களை விட்டுவிடுவார்களாமே. பிள்ளைக்காக என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இனி அவளுக்காக நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

உங்கள்
மனைவி