பத்துச் செடிக்கு ஒரு புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். கொஞ்சம் அதிகமாகவே நலம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் மகள் கல்லூரிக்காக இங்கே வந்து பின்னறையில் தங்கப்போகிறாள் என்றதும் அப்பா போனில், "அந்த ரூம்ல எதுவோ சரியில்லடா" என்றார். நீ புள்ளியியல் வாத்தியார். "ஒருத்தர் சொன்னா அது கதைப்பா, தரவு இல்ல" என்று சிரித்துவிட்டு எனக்கு ஒரு சோதனையை எழுதி அனுப்பினாய்.

சொன்னபடியே செய்தேன். ஒரே பாக்கெட் பீன்ஸ் விதை, ஒரே மண், இருபது காகிதக் கோப்பை. இரண்டிரண்டாக எடுத்து, நாணயம் சுண்டி, ஒன்றைப் பின்னறைக்கும் மற்றதை முன்னறைக்கும் அனுப்பினேன். இரண்டு ஜன்னலும் கிழக்கு பார்த்தவை. தண்ணீரும் அளந்துதான். முன்னறைச் செடிகளுக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர் வைத்தாய். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான், அவற்றுக்கு வேறு வேலை கிடையாது என்றாய். நம் சித்தப்பா மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

எது எந்த அறையுடையது என்று சொல்லாமல் சமையலறைக்குக் கொண்டுவருவேன். அப்பா ஸ்கேல் வைத்து அளப்பார். சராசரி உயரம் எடுத்து, அறைக்கு ஒரு பட்டையாக வரைபடம் போட்டு அனுப்பினேன். இரண்டும் ஒரே உயரம். "பாத்தியாக்கா, ஒண்ணுமே இல்ல" என்று உடனே மகளுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாய். போகிற போக்கில், சராசரி பலதை மறைக்கும், செடிக்கு ஒரு புள்ளி வைத்தும் வரைந்துவிடு என்றாய். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முன்னறைப் புள்ளிகள் சிந்திய கடுகு மாதிரிச் சிதறிக் கிடந்தன. பின்னறைக்கு ஒரே ஒரு புள்ளி. மற்ற ஒன்பதை வைக்க மறந்தேனோ என்று திரும்பப் பார்த்தேன். வைத்திருக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்றாக. பேனா காகிதத்தை ஓட்டை போட்டுவிட்டது. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். ஆயிரம் பிரதியும் ஒரே மாதிரி இருந்தால்தான் எனக்குச் சம்பளம். விதைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. போய்ப் பார்த்தேன். பத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஜன்னல் பக்கம் இல்லை, கட்டில் பக்கம்.

அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். "உன் தம்பி பேரை மாத்தி வச்சுட்டான்மா. கட்டுப்பாடா இருக்கறது இந்தப் பின்னறைக் குழுதான்" என்றார்.

திரும்பச் செய்து பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்பாயே, அதனால் நாங்கள் இருவருமே ஒரு வாரம் பின்னறையில் படுத்தோம். நன்றாகத்தான் தூங்கினோம். இப்போது சேர்ந்து விழிக்கிறோம். சேர்ந்து இருமுகிறோம். சளி அப்பாவுக்கு மட்டும்தான். நேற்றுக் கடைக்காரர் என்ன வேண்டும் என்றதற்கு இருவரும் ஒரே குரலில் பதில் சொல்ல, அவர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். ஒரே நொடியில் நிறுத்தினோம். அவர் அதற்குச் சிரிக்கவில்லை.

இரண்டு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பாய். மூன்றாவதாக அவளை அனுப்பாதே. பயணச்சீட்டை ரத்து செய், விடுதிக்கா பஞ்சம்?

எல்லோரும் மெல்லப் பேசும் இடத்தில் உரக்கச் சிரிப்பாள் உன் மகள். கூட்டம் இடதுபுறம் போனால் அவள் வலதுபுறம் போவாள். விலகல் புள்ளி, படத்தில் எதோடும் சேராமல் நிற்பவள் என்று கேலி செய்வாய். குழந்தை அப்படியே தள்ளி நிற்கட்டும். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா