பிள்ளைக்கு ஜூக்கோவ் என்று பெயர்

3 ஜூன் 1945, ஞாயிறு

வில்லியனூர் போய் வந்தேன். செங்கமலத்துக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அப்பா வீட்டில் இருக்கிறாள். ஆண் பிள்ளை பிறந்தால் ஜூக்கோவ் என்று வைப்போம் என்றேன். பெர்லினைப் பிடித்த ரஷ்யத் தளபதி, வேறென்ன வேண்டும்? அவள் மசியவில்லை.

"இன்னா மாரி ஆளுன்னு தெரியாம எம் புள்ளைக்குப் பேரு வெக்க மாட்டேன். நல்ல புஸ்தகமா கொண்டாந்து படிச்சிக் காட்டுங்க."

மாமனார் மணவாளன் என் பக்கம். ஆச்சரியம்தான்.

"படை நடத்துறவன் சும்மா பொறந்துட மாட்டான் மாப்ள. நம்மளாட்டம் பழைய வம்சமா இருக்கும். வையிங்க."

அவருடைய முப்பாட்டன் செஞ்சிக் கோட்டையில் குதிரை வைத்திருந்தாராம். யார் பார்த்தது?

17 ஜூன்

பட்டணத்தில் கிடைத்தது சென்னையில் அச்சான ஒரு சின்னப் புத்தகம். பக்கத்துக்குப் பத்து 'மாவீரர்'. எங்கே பிறந்தார், யாரிடம் திட்டு வாங்கினார் — ஒன்றும் இல்லை. செங்கமலம் நாலு பக்கம் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

1 ஜூலை

ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை. படம் மட்டும் பெரிது. மார்பில் இன்னொரு பதக்கம் குத்த இடமில்லை. மாமனார் அதை வாங்கிக்கொண்டு போய்க் நெற்களத்தில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவன் நான். ஒரு நல்ல புத்தகம் தேடிப்பிடிக்கத் துப்பில்லை.

22 ஜூலை

கிடைத்துவிட்டது! பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய வீரப்பன் அல்ஜீரியாவில் வாங்கியதாம். மட்டமான காகிதம். ஆனால் என்ன எழுத்து! சோறு ஆறிப்போனது தெரியாமல் படித்தேன். மாஸ்கோவின் வாசலில், பனியில், ஜெர்மன்காரனை நிறுத்திய மனிதர். தகப்பன் செருப்புத் தைக்கிறவர். பையனைச் சின்ன வயதிலேயே தோல் தைக்கும் கடையில் வேலைக்கு விட்டார்கள். அங்கேயிருந்து கிளம்பி அத்தனை பெரிய படைக்குத் தளபதி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

உடனே மாமனார் முகம் வந்து நின்றது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்துவிட்டால்? அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

29 ஜூலை

தாண்டவில்லை. இருந்தபடியே தமிழில் சொன்னேன். மாமனார் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"இன்னா சொன்ன? திருப்பிப் படி."

என்னை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. திருப்பிப் படித்தேன்.

"செருப்புத் தைக்கிறவன் பேரு எம் பேரனுக்கா? எம் மூஞ்சியில முழிக்காத."

கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்குத் தோல் தைக்க வந்த கண்ணையன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்பிடியே மண்ணுக்குள்ள போயிடலாம்னு இருந்துது. வேற இன்னா எழுத?

கிளம்பும்போது செங்கமலம் சொன்னாள்: "இப்பதான் அந்தாளு யாருன்னு தெரியுது. அந்தப் பேரையே வெய்யிங்க."

24 ஆகஸ்ட்

ஆண். இரண்டு பேரும் நலம்.

27 ஆகஸ்ட்

மேரியில், அதாவது பிரெஞ்சு நகரசபை ஆபீசில், பிறப்பைப் பதிந்தேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். மாமனார் வரமாட்டேன் என்றுவிட்டார். அவருக்குப் பயந்து தெருவில் ஒருவரும் வரவில்லை. வீரப்பன் வந்தார். இன்னொருவர்? கண்ணையனைக் கேட்டேன்.

"நானா ஐயா? என்னைய ஆபீசுக்குள்ள வுடுவாங்களா?"

ஜூக்கோவின் தகப்பனைப் பற்றிச் சொன்னேன்.  வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தார். குமாஸ்தா தொழில் என்ன என்று கேட்டதற்கு, "தோலு தைக்கிறது, செருப்புத் தைக்கிறது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் மகன் பெயர் இருக்கும் தாளில் அவர் கைநாட்டும் இருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது.

9 செப்டம்பர்

பச்சை உடம்போடு செங்கமலத்தை ஒதியம்பட்டில் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். மாமனார் அறையை விட்டு வெளியே வரவில்லை. வண்டியில் அழுதுகொண்டே வந்தாள்.

11 நவம்பர்

வில்லியனூர் சந்தை. எனக்கு முதுகு காட்டி நின்று மாமனார் மாட்டுக்கயிறு பேரம் பேசிக்கொண்டிருந்தார். விலகிப் போக நினைத்தேன். அதற்குள் கயிற்றுக்காரர், பேரனுக்கு என்ன பெயர் என்று கேட்டுவிட்டார்.

"ஜூக்கோவு."

"அது யாருங்க?"

"ரஷ்யாவுல பெரிய தளபதிப்பா. பெர்லினப் புடிச்சவரு."

கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"செருப்புத் தைக்கிறவரு மவன்" என்றார்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. நேரே வீட்டுக்கு வந்து செங்கமலத்திடம் சொன்னேன். வில்லியனூருக்கு வண்டி பேசச் சொல்லி, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.