குண்டக்காவின் ஈர்ப்புக் கணக்கு

இயேசு மரி சூசை துணை

ஒரகடம்,
திங்கட்கிழமை

அன்புத் தங்கை ஜெர்சிக்கு அக்கா அருள்மேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். ஓசூரில் நீயும் ராஜசேகர் தம்பியும் குழந்தையும் சுகமா? நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் தபால். கிழிக்காமல் படி.

எங்க புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரித்தபோது, வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து கூப்பிடாமல் போனில் அழைப்பு அட்டை அனுப்பினேன். நேரில் கூப்பிடாத வீட்டில் கால் வைக்க மாட்டேன்னு நீ சொல்லிட்டே. சின்னவள்தானே, அவளே வரட்டும்னு நானும் உட்கார்ந்துட்டேன். ரெண்டு பேரும் இப்படியே கெளவி ஆயிடுங்கன்னு உன் மாமா சிரிக்கிறார்.

இப்போ சந்தோஷ சேதி. வர்ற ஞாயிறு நம்ம பெனிஷாவுக்கு உறுதிபூசுதல். ஆயர் வர்றார். ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாய் அவளை ஏந்தினவள் நீ. ஆயர் எண்ணெய் பூசும்போது இப்பவும் சித்திதான் ஞானத்தாயாய் என் தோளில் கை வைக்கணும், இல்லேன்னா அடுத்த வருஷம் வாங்கிக்கிறேன்னு ஃபாதரிடமே சொல்லிட்டாள்!

நேற்று அவளுடைய ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை வச்சிக்கினு உட்கார்ந்தேன். குக்கர் விசில்கூடக் காதில் விழலை. எந்தப் பொருளும் எந்தப் பொருளையும் இழுக்குதாம். நிறை கூடினால் இழுப்பும் கூடும். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு பாதியாகாது, கால் பங்காகிடும். ஆண்டவர் எவ்வளவு கணக்காய்ப் படைச்சிருக்கார் பார்! குண்டக்கா, குண்டக்கான்னு கேலி பண்ணுவியே, நான் குண்டாகக் குண்டாக உன்னை அதிகமாய்த்தான்டி இழுத்திருக்கேன்.

இன்னொண்ணும் இருக்கு. இழுப்பு இரு பக்கமும் சமமாம். மாடியிலிருந்து துணி கிளிப் விழுந்தால், பூமி இழுக்கிற அளவுக்கே கிளிப்பும் பூமியை இழுக்குது. ஆனால் ஓடி வர்றது லேசான கிளிப்தான். பார்த்தியா, உன் சித்திதான் வரணும், புத்தகமே சொல்லுதுன்னு பெனிஷாவிடம் கைதட்டினேன். அவள் விடுவாளா? பூமியும் நகரும்மா, கண்ணுக்குத் தெரியாது, ஆனா நகரும்னாள்.

ஆகையால் சனிக்கிழமை பஸ் ஏறு. ஆம்பூர் வந்தால் பாதித் தூரம், இழுப்பு நாலு மடங்கு. அப்புறம் நீயே நினைத்தாலும் திரும்ப முடியாது.

நானும் நகர்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்த தட்டோடு நிற்பேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தாலும் சரி, நீ இறங்கினதும் முறைப்படி கூப்பிடுவேன். வழி முழுக்க சகாய மாதா உன்னோடு உட்கார்ந்து வரட்டும்.

உன் வரவுக்குப் பூ கட்டிக்கொண்டிருக்கும்,
குண்டக்கா அருள்மேரி