இடி முடியும் வரை

அன்புத் தங்கைக்கு,

"இடி இடிச்சா ஏன்க்கா பேசாம உக்காரணும்?" என்று சின்ன வயதில் கேட்டாய். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்றேன். ஆசிரியையான பிறகும் அதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் கிடைத்திருக்கிறது, ஓர் உதாரணத்தோடு.

சென்ற வாரம் நம் தம்பி வில்மரும் அவன் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார்கள். அப்போதே சுஸ்கா மலைமேல் இடி தொடங்கிவிட்டது. நம் நவஹோ மக்களின் வழக்கப்படி சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, இடி முடியும் வரை மூவரும் பேசாமல் அசையாமல் உட்கார்ந்தோம்.

மழை விட்டதும் அவள், "எதுல நிறுத்துனோம்?" என்றாள்.

"மறந்துபோச்சு. காபி இருந்தா குடு," என்றான் அவன்.

அம்மாவின் ஆடுகளை நான் விற்றதிலிருந்து நீ இங்கே வரவில்லை. போனில் பேசினாலோ சண்டைதான். போனில் நம்மை நிறுத்த இடி ஏதும் இல்லை.

இந்த வாரம் முழுக்க மதியத்துக்கு மேல் இடியுடன் மழை என்று வானொலியில் சொல்கிறார்கள். ஆட்டுக்கறி வாங்கி வைத்திருக்கிறேன். ஃபீனிக்ஸிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினால், ஓடையில் வெள்ளம் வருவதற்குள் கடந்துவிடலாம்.

வந்ததும் எதையும் பேசாதே. என் பக்கத்தில் உட்கார்.

உன் அக்கா